சருகு மெத்தை

“மலையேற்ற வழிகாட்டி. உடல் தகுதி: மிக நன்று” என்கிறது தைலம்மாளின் கழுத்தில் தொங்கும் அட்டை. கடலூருக்குத் தெற்கே, கடலோரத்து அரசுச் சவுக்குக் காட்டில் ஏறுவதற்கு இருக்கும் ஒரே மலை, ஆள் உயர மணல்மேடு ஒன்று. அதில் ஏறும்போதும் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “தோ, ஆச்சு, ஆச்சு” என்று காலுக்குச் சமாதானம் சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிதம்பரத்திலிருந்து சுற்றுலா வேன் வரும். “ஆன்ட்டி, கொடைக்கானல் பைன் ஃபாரஸ்ட் மாதிரியே இருக்கு!”

“பைனும் இல்ல கியினும் இல்ல கண்ணு, சவுக்கு. வெட்டுனா சாரத்துக்குப் போவும், வுட்டா காத்துல கத்திக்கினே நிக்கும்.”

மூன்று கிலோமீட்டர் நடத்தி, யாரும் தொலையாமல் திருப்பி அனுப்ப வேண்டும். வரிசையாக நட்ட மரங்களுக்கு நடுவே தொலைவதற்குத் தனித் திறமை தேவை. சிலருக்கு அது வாய்த்திருக்கிறது.

காடு அத்துப்படி என்பதால்தான் வேலை கிடைத்தது. முப்பது வருடம் நாத்தனார் ராசம்மாளோடு விடியலில் நுழைந்து, அடுப்புக்குச் சருகு திருடியதால்தான் காடு அத்துப்படி. காவலர் விரட்ட இருவரும் ஓடிய தடங்களுக்கு இப்போது பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள்.

மேற்பார்வையாளர் அறிவழகன் போன வாரம் சொல்லிவிட்டான்: “யக்கா, சருகு மேல நடக்கத்தான் டிக்கெட் எடுத்து வராங்க. இன்னொரு வாட்டி தரை மொட்டையா கெடந்துதுன்னா, அட்டைய டேபிள் மேல வெச்சிட்டுப் போயிக்கினே இருங்க.” தன் குடும்பத்தில் மாதச் சம்பளம் என்ற ஒன்றைப் பார்த்த முதல் ஆள் தைலம்மாள்தான்.

இந்த ஞாயிறு, வேன் வந்து நின்ற நேரத்தில், பாதை நடுவே வெறும் மணல். ஓரத்தில் சருகுக் கட்டின் மேல் ராசம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

“சிலிண்டர் தீந்து பத்து நாளாச்சு அண்ணி. ஒரே ஒரு கட்டுதான்.”

“நானும் முப்பது வருசமா ஒரே ஒரு கட்டுன்னுதான் சொன்னேன். எழுந்திரு.”

“பெரிய ஆபீசரு! சொந்த நாத்தனாருக்குச் சருகு கூட கொடுக்க மாட்டியா?”

தைலம்மாள் வேனிலிருந்து இறங்கியவர்களை இரண்டு நிமிடம் நிற்கச் சொன்னாள். கட்டை அவிழ்த்து, சருகைப் பாதை நெடுகப் பரப்பினாள். காலில் குத்தும் சுள்ளிகளைப் பொறுக்கித் தூர எறிந்தாள். கயிற்றைச் சுருட்டி ராசம்மாள் கையில் கொடுத்தாள்.