விரலில் சுண்ணாம்பு

தூத்துக்குடியில் ஏரல் பஸ் ஏறியபோது பக்கத்து சீட்டுக்காரரை அடையாளம் தெரிந்தது. டிவி விவாதத்தில், கடல்மட்டம் உயரவே இல்லை என்று அடித்துப் பேசிய விஞ்ஞானி. வெற்றிலையைத் தொடையில் துடைத்து, விரலால் சுண்ணாம்பு தடவிக்கொண்டே இருந்தார்.

"எந்த ஆராய்ச்சி நிலையம் அண்ணாச்சி?"

"நமக்கு ஆத்தூர்ல வெத்தல யாவாரம்லா. மறுத்துப் பேச ஒரு ஆளு வேணும்னு கூப்பிட்டாவ, போனேன். விஞ்ஞானின்னு அவங்களே போட்டுக்கிட்டாவ. எதுத்தாப்புல இருந்தவருதான் நெசமான விஞ்ஞானி. முப்பது வருசமா கடல அளக்காராம். ஆளுக்கு அஞ்சு நிமிசம் குடுத்தாவ."

இப்போது டிவியில் விஞ்ஞானி என்று யார் வந்தாலும் முதலில் விரலைத்தான் பார்க்கிறேன். நேற்று வந்தவர் விரல் சுத்தமாகத்தான் இருந்தது. அப்படியும் நம்ப மனம் வரவில்லை.