வீடு பேசுகிறது

எங்கள் மாடியில் ஒரு வெளிநாட்டுக்காரர் குடியிருந்தார். உதவி நிறுவனம் ஒன்றின் சார்பில் குடிநீர்க் குழாய் போட வந்தவர். தெருவில் அவருக்குப் பெயர் ‘குழாய்க்காரர்’. அவருடைய வாக்கி டாக்கி வழியாக ஒரு பெண்ணின் குரல் எனக்குப் பழக்கமாயிற்று.

அவள் உள்ளூர்க்காரி. நிறுவனத்தின் அலுவலகத்தில் ரேடியோவில் பேசுவது அவள் வேலை. அதற்கு முன் பஸ் நிலையத்து ஒலிபெருக்கியில் வண்டிகளை அறிவித்தவள். அப்போது ஒரு கண்டக்டரோடு சண்டை போட்டுப் போட்டே அவரைக் கல்யாணமும் செய்துகொண்டாளாம். குழாய்க்காரர் சொன்னது.

கலவரம் ஒரு மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. கடைகள் மூடின, செல்போன்கள் செத்தன. அன்றிலிருந்து மணிக்கொரு தடவை அவள் குரல் மாடியிலிருந்து இறங்கிவரும். ரேடியோவில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. அவள் ‘வீடு’. எங்கள் ஆள் ‘குருவி’. ஊரின் மறுகோடியில் பள்ளிக்கூடத்தை ஒட்டிக் குடியிருந்த வெளிநாட்டு நர்ஸ் ‘நாரை’. வீடு கூப்பிட்டால் மற்றவர்கள் தாங்கள் பத்திரமா, அக்கம்பக்கத்தில் என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும். சொந்த விஷயம் பேசக் கூடாது.

நான் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்பேன். இதெல்லாம் ரகசியம் என்றார் குழாய்க்காரர். படி என்னுடையது என்றேன்.

மறுநாள் காலை அவள் நாரையை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டுக் குருவியை விட்டுவிட்டாள். அப்படி நடந்ததே இல்லை. குழாய்க்காரர் துருவித் துருவிக் கேட்டதில், முந்தின நாள் பஸ்ஸோடு போன கணவன் திரும்பவில்லை, டிப்போவிலும் தகவல் இல்லை என்பது வெளியே வந்தது.

“மன்னிச்சுக்குங்க, இது அதுக்கான இடமில்ல” என்று அடுத்த ஆளைக் கூப்பிடப் போனாள்.

“கொஞ்சம் இருங்க. எந்த ரூட்டு?” என்றார் அவர்.

அவள் ரூட்டைச் சொன்னாள். அத்தோடு ரேடியோ ஒழுங்கெல்லாம் போயிற்று. வெளிநாட்டுக்காரர்களுக்கு ரூட்டு தெரியாது, வீட்டுச் சொந்தக்காரர்களுக்குத் தெரியும். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக்காரரைப் பேச வைத்தார்கள். நான் மொட்டைமாடியில் ஏறிப் பார்த்து, வண்டி எதுவும் இல்லை, கடைவீதிப் பக்கம் புகை மட்டும் தெரிகிறது என்றேன். புகையை யார் கேட்டார்கள் என்று என் மனைவி கடிந்துகொண்டாள்.

நாரையின் முறை வந்தபோது அவளுடைய வீட்டுக்காரம்மா பேசினாள்.

“பஸ்ஸா? பின்பக்கம் பள்ளிக்கூடத்துக்குள்ள நேத்துலேருந்து நிக்குதே. அத்தனை பேருக்கும் சுவத்துக்கு மேல நான்தானே சோறு குடுக்கறேன்.”

நாரைக்கு இது தெரியவே தெரியாது. ஜன்னல் பக்கம் போகாமல் உள்ளறையிலேயே இருக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் உத்தரவு. அதை அப்படியே கடைப்பிடித்து, இங்கே புதிதாக எதுவும் இல்லை என்று மணிக்கொரு தடவை அந்தக் கண்டக்டரின் மனைவியிடமே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

வாக்கி டாக்கி சுவர் தாண்டிக் கைமாறும் சத்தம் கேட்டது. பிறகு ஓர் ஆண் குரல்.

“என்ன, சாப்ட்டியா?”



“பேசி முடிச்சா ‘ஓவர்’னு சொல்லணுங்க” என்றாள் ‘வீடு’. “ரோடு தெறக்கற வரைக்கும் அங்கேயே இருங்க. ஓவர்.”

“சரி. ஓவர்.”

உடனே குருவியைக் கூப்பிட்டாள். குழாய்க்காரர் பொத்தானை அழுத்தினார். அழுத்தியபடியே அதை என்னிடம் நீட்டினார். நான்தான் வாங்கி, குருவி பத்திரமாக இருக்கிறது என்று சொன்னேன்.