புதன்கிழமை அப்பம்

எனக்கு ஓரிடத்தில் சும்மா இருக்க வராது. அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபின் அது இன்னும் மோசமாகிவிட்டது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, எனக்குப் பதின்மூன்று வயது. ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியிருந்த வெக்ஸ்போர்ட்டிலிருந்து இரண்டு பஸ், ஒரு சப்வே ரயில் பிடித்துப் போகவேண்டிய அங்கிலிக்கன் சபைப் பெண்கள் பள்ளிக்கூடம். ஏதோ பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்ததால் கட்டணம் இல்லாமல் சேர்த்திருந்தார்கள். "சாமி கும்பிடுற பள்ளிக்கூடம் எண்டா பிள்ளையள் ஒழுங்கா இருக்குங்கள்" என்று அம்மா சம்மதித்தார். எந்தச் சாமி என்று கேட்கவில்லை.

அங்கே காலையில் ஜெபம், சாப்பாட்டுக்கு முன் ஜெபம், கூடைப்பந்துப் போட்டிக்கு முன்பும் ஜெபம். கணிதச் சோதனைக்கு முன்னால் மட்டும் ஏனோ விட்டுவிட்டார்கள். எனக்கு அங்கேதான் தேவைப்பட்டது.

புதன்கிழமைகளில் பள்ளிச் சிற்றாலயத்தில் நற்கருணை வழிபாடு, வரிசையில் போய் அப்பம் வாங்கவேண்டும். ஞானஸ்நானம் பெறாதவர்கள் கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு போய் ஆசீர்வாதம் மட்டும் வாங்கவேண்டும். அதைச் சொல்லித்தந்த நாளில் நான் பல்வலியென்று வீட்டில் நின்றுவிட்டேன். அதனால் முன்னால் போனவளைப் பார்த்து, இடது கைக்கு மேல் வலது கையை வைத்து ஏந்தினேன். கோயிலிலும் அப்படித்தானே ஏந்துவோம். பாதிரியார் நரைத்த குட்டை முடி வைத்த ஒரு பெண். நாணயம் அளவு மெல்லிய வெள்ளை அப்பம் ஒன்றை என் கையில் வைத்தார்.

நான் அதைச் சாப்பிடவில்லை. கோயிலில் தந்ததை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் தனியாகத் தின்பது எங்கள் வீட்டில் பெரிய குற்றம். தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்து கைலேஞ்சியில் சுற்றி வைத்தேன். அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றினார்.

"இது அப்பாவுக்கு இருக்கட்டும். வந்த உடன குடுப்பம்."

அப்பா கொழும்பில் ஒரு லொட்ஜில் இரண்டு வருடமாக விசாவுக்குக் காத்திருந்தார். போனில் எப்போதும் "அடுத்த மாசம்" என்பார். நான் புதன்தோறும் அப்பம் கொண்டுவந்தேன். சாமித்தட்டில், திருநீற்றுப் பேணிக்குப் பக்கத்தில் மூடிபோட்ட இன்னொரு தகரப் பேணி வந்தது. மார்கழிக்குள் அதில் பன்னிரண்டு அப்பம் சேர்ந்துவிட்டது.

அப்போதுதான் சமயப் பாடத்தில் பாதிரியார் விளக்கினார். ஜெபித்தபின் அது வெறும் அப்பமில்லை, கிறிஸ்துவின் உடல். ஒரு துகளைக்கூட மிச்சம் விடக்கூடாது. எஞ்சியதை அவரே உண்டு முடித்துவிடுவாராம். அவர்களுடைய கடவுளைப் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் பேணிக்குள் போட்டு மூடி வைத்திருக்கிறேன். அவர் கோபித்து அப்பாவின் விசாவை மறித்துவிட்டால்?

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "பிரசாதத்தை ஆரும் திருப்பிக் குடுப்பினமோ? அப்பா வாற நேரத்தில உது என்ன விசர்க் கதை?" என்றார். அந்த வாரம் முழுக்க நகத்தைக் கடித்துத் தீர்த்தேன். இரண்டு தடவை தவறான இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். வெள்ளிக்கிழமை அம்மா குளிக்கும்போது பேணியை எடுத்துப் புத்தகப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன்.

பாதிரியாரின் அறையில் நின்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் பேணியைத் திறந்தார். கர்ப்பூர வாசம் வந்தது. யாருக்காக வைத்திருந்தாய் என்று கேட்டார். அப்பாவுக்கு என்றேன். பிறகு மன்னித்துக்கொள், இதைத்தான் நான் செய்யமுடியும் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாகச் சாப்பிடத் தொடங்கினார். தண்ணீர் குடித்துக் குடித்துப் பன்னிரண்டையும் தின்றார். என்னை ஏசவில்லை. எனக்குத்தான் அவர்மேல் பொல்லாத கோபம் வந்தது. அப்பாவுடையதை என் கண் முன்னாலேயே சாப்பிடுகிறாரே.

வீட்டில் அம்மா வெறும் பேணியைக் கவிழ்த்துப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன்.

"அப்பாவின்ர பங்கைச் சாப்பிட்டவ அப்பாவுக்காகக் கும்பிடட்டும்," என்றார். "அவர் வந்து சேருமட்டும். போய்ச் சொல்லு."

வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. ஆனாலும் போய்ச் சொன்னேன். பாதிரியார் அப்பாவின் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அடுத்த புதன் முதல், நோயாளிகளுக்கான மன்றாட்டு முடிந்ததும், பயணத்தில் இருப்பவர்களுக்கான மன்றாட்டில் அப்பாவின் பெயர் மூன்று துண்டாக உடைந்து ஒலித்தது. முந்நூறு பெண் பிள்ளைகள் ஆண்டவரே கேட்டருளும் என்றார்கள். என் கால் வாங்குப் பலகையின் கீழ் ஆடிக்கொண்டே இருந்தது.

வைகாசியில் அப்பா வந்தார். ஒரு சூட்கேஸ், பாதியாய் மெலிந்த உடம்பு.

"சுவாமியாரம்மாட்டச் சொல்லிப்போட்டியோ? இனி நிப்பாட்டலாம்," என்றார் அம்மா.

"ஓம்," என்றேன். சொல்லவில்லை. ஒவ்வொரு புதனும் அந்த அறைக் கதவுவரை போய்த் திரும்பினேன். செய்தி ஏதும் உண்டா என்று பாதிரியாரே கேட்டபோது, இன்னும் இல்லை என்று பொய் சொன்னேன். அவர்களுடைய கடவுளை நான் நம்பவில்லை. ஆனால் மன்றாட்டை நிறுத்திப் பார்க்கப் பயமாயிருந்தது. விசிட் விசாவில் வந்திறங்கி அப்பா போட்ட அகதி வழக்கு இன்னும் விசாரணைக்கே வரவில்லை. திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது?

ஆனியில் வருட முடிவு வழிபாட்டுக்குப் பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். அப்பா இரவல் கோட்டில் எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் இருந்தார். பாதிரியார் பயணத்தில் இருப்பவர்களின் பெயர்களைப் படித்தார். தன் பெயர் துண்டு துண்டாக வந்ததும் அப்பா நிமிர்ந்தார். அம்மா திரும்பி என்னை முறைத்தார்.

"பிள்ளை," அப்பா என் காதுக்குள் கேட்டார், "நான் வந்திட்டனெல்லே?"

"ஓம் அப்பா. பேசாமல் இருங்கோ," என்றேன். பிறகு மற்றவர்களோடு சேர்ந்து, மற்றவர்களைவிடச் சத்தமாக, கேட்டருளும் என்றேன்.