கற்பூரத்துக்கு முன் நின்ற பாவா

அரக்கோணம் தாண்டி மணவூரில் ரயில் நின்றிருந்தபோது அக்கா அழைத்தாள்.

"டேய், பாவாவ சாமி கூட்டிகினு போயிட்டாருடா."

அவரைச் சென்னை மருத்துவமனையில் சேர்த்து அது மூன்றாம் நாள். ரயில் நகரவில்லை. எழுந்து வாசலுக்குப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன்.

பாவா, என் அக்காவின் கணவர் முனிரத்தினம். பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டியவர். பகல் முழுக்கத் தகரக் கூரைக்கடியில் நிற்பார். மாலையில் ஏரிக்கரையில் ஓடுவார். ஒருநாள் ஓடி முடித்து முகம் துடைக்கப் போனவரைத் தடுத்தேன். உடலியல் படித்த திமிர். தசை உழைத்தால் சூடு பிறக்கும், இரத்தம் அதைத் தோலுக்குக் கொண்டுவரும், வேர்வை காயும்போதுதான் அது வெளியேறும் என்றேன்.

"அப்போ துண்டு எடுத்தாந்தது தப்பா மச்சான்? உங்கக்காவுக்குத் தொவைக்கிற வேல மிச்சம்."

அதன் பிறகு கைகளை அகல விரித்துக் காற்றில் நிற்பார். யாராவது கேட்டால், "மச்சான் காயப் போட்டுகிறான்" என்பார்.

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணியில் காவடி எடுத்தார். மேலே சாமியைப் பார்க்கும்வரை தண்ணீர் குடிப்பதில்லை என்று வேண்டுதல். உச்சி வெயில். படி முழுக்கக் கூட்டம். காற்று நுழைய இடமில்லை. பம்பை மேளத்துக்கு ஆடியபடியே ஏறினார். வேர்வை வழிந்தது, காயவில்லை. பாதி வழியில் தள்ளாடினார். பார்வை எங்கோ போனது. பேச்சு குழறியது.

"சாமி வந்துட்டாரு! வழி வுடுங்க!" என்று கூட்டம் கத்தியது.

அக்கா குறி கேட்டாள். "இன்னா கொற? சொல்லு சாமி."

"சுடுது... எரியுது..."

"கோவமா கீறாரு. கற்பூரம் ஏத்துங்க," என்றார் பம்பைக்காரர்.

ஏற்றினார்கள். அவர் முகத்துக்கு நேரே. தண்ணீர் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நானும் கும்பிட்டேன். அவர் விழுந்த பிறகுதான் தொட்டேன். சூட்டில் கை தானாகப் பின்வாங்கியது.

ஊர் இதை நல்ல சாவு என்கிறது. அக்கா அதைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு வாய் சாப்பிடுகிறாள். நான் அவள் வாசல்வரை போய்ப் போய்த் திரும்புகிறேன். பேச வராததை எழுதுகிறேன்.

அக்கா, அன்று வந்தது சாமி இல்லை. உள்ளே பிறந்த சூடு வெளியேற வழியில்லாமல் மூளையைத் தாக்கியது. தெரிந்தவன் நான் ஒருவன்தான் பக்கத்தில் இருந்தேன். அடுத்த கிருத்திகையில் யாராவது அப்படிக் குழறினால் காவடியை இறக்குங்கள். முதலில் தண்ணீர் ஊற்றுங்கள், விசிறுங்கள். சாமியாகவே இருந்தாலும் கோபித்துக்கொள்ளாது.

பாவா, கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தீர்கள். கண்ணாடியில் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. மூன்று நாள் பிந்தி வந்த குளிர். போய் வாருங்கள்.