முதியோர் இருக்கையில் கறுப்புக் கோட்டுப் பெண்

என் வீட்டுக்காரர் சுரங்க ரயிலில் உட்கார மாட்டார். பெயர் தோ யோங்சிக். வயது எழுபத்திரண்டு. இருபத்தேழு வருஷம் சியோல் டவுன் பஸ் ஓட்டினார். கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் போய்விட்டது. ஒவ்வொரு பெட்டியின் கோடியிலும் எங்களைப் போன்ற கிழங்களுக்கென்று மூன்று மூன்று இருக்கை போட்டிருக்கிறார்கள். அது காலியாகவே கிடந்தாலும் இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "அறுபத்தஞ்சு தாண்டிட்டான்னு ஓசியில ஏத்திக்கிறாங்க. அதுக்கு மேல சொகுசு வேறயா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த ஓசிப் பயணம்தான் இவருக்கு இப்போது பிழைப்பு. உல்ஜிரோவில் ஒரு பழைய கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் ஒரு அறை, ஒரு டெலிபோன், ஒரு மின்சார அடுப்பு, எட்டுக் கிழவர்கள். போன் வந்தால் வரிசைப்படி ஒருவர் எழுந்து போவார். பல் வைத்தியருக்குப் பல் செட், கல்யாணப் பெண்ணுக்கு உடுப்பு, வக்கீலுக்குக் காகிதக் கட்டு, எவனோ எவளுக்கோ அனுப்பும் பூங்கொத்து. எல்லாவற்றையும் ரயிலிலேயே கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிட்டு வர வேண்டும். எந்த நிலையத்தில் எந்தக் கதவில் ஏறினால் இறங்கும்போது நகரும் படிக்கு நேர் எதிரே நிற்கலாம் என்று இவருக்கு மனப்பாடம். "பஸ் ஓட்டுனப்போ எனக்குச் சிவப்பு விளக்கும் முன்னாடி போறவன் முதுகும்தான் தெரிஞ்சுது. ஊரை இப்பத்தான் பாக்குறேன்" என்பார். ஊர் எங்கே தெரிகிறது, சுரங்கத்துக்குள் இருட்டுதானே என்று நான் கேட்டால் சிரிப்பார்.

நான் மட்டும் எங்கள் குடியிருப்பில் இருப்பவர்களிடம், இவர் தினமும் மலை ஏறப் போகிறார் என்று சொல்லி வைத்திருந்தேன். மலையேறுகிறவர்கள் போடுகிற சட்டையும் முதுகுப் பையும் அதற்குத் தோதாக இருந்தன. "இந்த வயசுல எவ்வளவு தெம்பு" என்று கீழ்வீட்டுக்காரி மெச்சுவாள். சுமை தூக்குகிறார் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மற்றதற்கெல்லாம் இந்த வாய் நன்றாகவே வரும். நான் சொல்ல வந்ததும் அதைப் பற்றித்தான்.

போன பிப்ரவரியில் ஒருநாள் காலை. முதல் நாள் பெய்த பனி நடைபாதையில் கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்தது. இவருக்கு முழங்கால் வீங்கியிருந்தது. சுங்முரோவில் ஒரு போட்டோ ஸ்டூடியோவிலிருந்து சுயூ பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு படம் கொண்டுபோக வேண்டும் என்று போன் வந்தது. கண்ணாடி போட்ட பெரிய படம்.

"ஒரு கையில கம்பி, ஒரு கையில படம், கீழ வழுக்கல். விழுந்து தொலைச்சா யாரு பாக்குறது? நானும் வரேன்" என்றேன்.

"நீ வந்தா அதுக்கு ஒரு கூலி கேப்பியே" என்றார்.

"வாயை மூடிட்டு நடங்க."

ஸ்டூடியோக்காரர் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாவு வீட்டில் நடுவில் வைக்கிற படம். எங்கள் ஊரில் பலர் அதை உயிரோடு இருக்கும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள். எடுத்து வைத்தால் ஆயுசு கூடும் என்று ஒரு நம்பிக்கை. பொங் சூன்னே என்கிற அம்மாள் இரண்டு வருஷத்துக்கு முன் வந்து, வெளிர்பச்சைப் பட்டு உடுத்தி, படம் எடுத்துக்கொண்டு போனாளாம்.

"பிரேம் போட்டு ரெடியா இருக்கும்மா, எடுத்துட்டுப் போங்கன்னு எத்தனையோ தடவை போன் பண்ணேன். என்ன அவசரம், மெதுவா வரேன்னாங்க. இன்னிக்கு விடியக்காலை போயிட்டாங்களாம். மகள் போன் பண்ணிச்சு" என்றார் அவர். "ஒரு மணிக்கெல்லாம் ஆளுங்க கும்பிட வந்துடுவாங்க. அதுக்குள்ள படம் அங்க இருக்கணும் ஐயா. படம் இல்லாம வெறும் பூவையா கும்பிடுவாங்க?"

இவர் இரண்டு கையாலும் வாங்கினார். வெள்ளைத் துணியில் சுற்றி மேலே முடிச்சுப் போட்டார்கள். படத்தில் அந்த அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நல்ல முகம்.

ரயில் வந்தது. பதினொன்றரை மணிதான், ஆனாலும் கூட்டம். இவர் ஏறினதும் ஓரமாகச் சாய்ந்து, படத்தின் கண்ணாடிப் பக்கத்தைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். முகத்தில் வலி தெரிந்தது. நான் கோடி இருக்கையைப் பார்த்தேன். இரண்டில் கிழவர்கள். மூன்றாவதில் ஒரு பெண். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று இருக்கும். கறுப்புக் கோட்டு. கண்ணை மூடி, தலையைச் சுவரில் சாய்த்திருந்தாள்.

எங்கள் ஊரில் சின்னவர்கள் அந்த இருக்கையில் உட்கார மாட்டார்கள். பெட்டியே பிதுங்கினாலும் அதைக் காலியாக விட்டுவிட்டு நிற்பார்கள். இவள் உட்கார்ந்திருந்ததே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரப் போதுமானதாக இருந்தது. இவருடைய கால் அங்கே நடுங்கிக்கொண்டிருந்தது வேறு.

"இந்தாம்மா" என்றேன். அவள் அசையவில்லை. தோளைத் தட்டினேன். "இந்தா பொண்ணு. மேல என்ன எழுதியிருக்கு? படிக்கத் தெரியும்ல?"

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். ஆனால் புரிந்த மாதிரி இல்லை. கண் இரண்டும் சிவந்திருந்தன. ராத்திரி குடித்திருப்பாள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

"விடும்மா ஓக்பூன்" என்று பின்னாலிருந்து என் சட்டையை இழுத்தார் இவர். "எனக்கு நிக்கத்தான் பிடிக்கும்."

"நீங்க சும்மா இருங்க. வயசான மனுஷன் கால் வீங்கி நிக்கிறாரு, இவ ராணியாட்டம் தூங்குறா. என்னம்மா, வயித்துல புள்ளையா? இல்ல காலு ஒடிஞ்சிருக்கா?"

பக்கத்துக் கிழவர் ஒருவர் உதட்டைப் பிதுக்கி, "இந்தக் காலத்துப் புள்ளைங்க" என்றார். அது எனக்கு இன்னும் ஏற்றிவிட்டது.

"உங்கம்மா உன்னை இப்படித்தான் வளர்த்தாளா? பெரியவங்களைக் கண்டா எழுந்திருக்கணும்னு சொல்லிக் குடுக்கல?"

அவள் எழுந்தாள். தலையைக் குனிந்து வணங்கினாள், கம்பியைப் பிடித்துப் பிடித்து நடந்து அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள். இவர் உட்காரவில்லை. படத்தை என்னிடம் நீட்டி, "நீயே உக்காரு" என்று மட்டும் சொன்னார். நான் உட்கார்ந்தேன். இருக்கை சூடாக இருந்தது. சுயூ வரும்வரை ஒன்பது நிலையம், இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் ஜெயித்த தெம்பில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன்.

எங்கள் ஊரில் சாவுச் சடங்கு ஆஸ்பத்திரியிலேயே நடக்கும்; அதற்கென்று அடித்தளத்தில் கூடங்கள். சுவரில் வரிசையாக டிவி மாதிரித் திரைகள், ஒவ்வொன்றிலும் போனவர் பெயரும் வீட்டாட்கள் பெயரும். ஆறாம் எண் அறை: பொங் சூன்னே. மகள் கில் சொன்ஜு. அவ்வளவுதான். மகன் இல்லை, மருமகன் இல்லை, கீழே ஒரே ஒரு வரி.

இவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். வாசலில் நின்றபடியே நான் எட்டிப் பார்த்தேன். வெள்ளைச் சாமந்தி மலைபோல் குவித்து, நடுவில் படத்துக்கு இடம் விட்டு வைத்திருந்தார்கள். அங்கே ஒரு பெண் முதுகைக் காட்டி நின்று, துக்கம் காக்கிறவர்கள் குத்துகிற வெள்ளை ரிப்பனைத் தலையில் குத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாற்காலியில் கறுப்புக் கோட்டு கிடந்தது. இவர் குரல் கேட்டுத் திரும்பினாள்.

அவளேதான்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. சட்டென்று சுவருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். காது அனலாகக் கொதித்தது. உங்கம்மா உன்னை இப்படித்தான் வளர்த்தாளா என்று கேட்டேனே, அந்த அம்மாள் இரண்டடி தள்ளி இவர் கையில்தானே இருந்தாள். அம்மாவும் மகளும் ஒரே பெட்டியில் வந்திருக்கிறார்கள். மகளைத் துரத்திவிட்டு, அம்மாவை நான் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். தூ, இதுவும் ஒரு வாயா?

உள்ளே இவர் படத்தை நிமிர்த்தி வைத்தார். கொண்டுவந்து கொடுத்தவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இவர் ஊதுபத்தி ஏற்றி, அந்த முழங்காலை மடக்கி, இரண்டு தடவை நெற்றி தரையில் படக் கும்பிட்டார். எழுந்திருக்கும்போது தடுமாறினார். அந்தப் பெண் ஓடிவந்து கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். அப்போதுதான் அவள் இவரை அடையாளம் கண்டிருக்க வேண்டும். ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு வாசல் பக்கம் பார்த்தாள்.

ஓடிவிடலாமா என்று பார்த்தேன். இவரை உள்ளே விட்டுவிட்டு நான் மட்டும் எங்கே ஓடுவது? போய் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், வேறு வழியில்லை என்று தீர்மானித்தேன். என்ன சொல்வது என்றுகூட மனசுக்குள் சேர்த்துக்கொண்டேன். தப்பு என்னோடதும்மா. தெரியாம பேசிட்டேன். உங்கம்மா உன்னை நல்லாத்தான் வளர்த்திருக்காங்க. மூன்றே வாக்கியம். சிவந்த முகத்தோடு நான் உள்ளே நுழைவதற்குள் அவள் மாமா என்று ஒருவர் வந்து, "வாங்க, வாங்க, சாப்பிடாமப் போகக் கூடாது" என்று எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்தார். சாவு வீட்டில் சாப்பிடாமல் போவது பெரிய மரியாதைக் குறைவு. சோறும், காரமான மாட்டிறைச்சிச் சூப்பும் வந்தன. பக்கத்து மேஜையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், அந்த அம்மாளின் அக்கம்பக்கத்தார் போல.

"பாவம், பதினோரு ராத்திரி அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரி நாற்காலியிலயே கிடந்துச்சு" என்று அவர்களில் ஒருத்தி சொன்னாள். "உயிர் போனப்புறம், அம்மாவோட அடையாள அட்டை வேணும்னு ஆஸ்பத்திரியில கேட்டாங்கன்னு வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துட்டு இப்பத்தான் வந்துச்சு."

இவர் தலையைக் குனிந்து சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க" என்றேன் மெல்ல.

"நீதான் பேசணும்" என்றார். "நான் பேசுனா நல்லா இருக்காது."

அதற்குள் அந்தப் பெண்ணே வந்துவிட்டாள். எங்கள் மேஜைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். பக்கத்து மேஜைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

"ஐயா, பெரியம்மா, இந்தப் பனியில எங்கம்மா படத்தைப் பத்திரமா கொண்டுவந்து சேர்த்தீங்க. ரொம்ப நன்றி" என்றாள். குரல் கம்மியிருந்தது. "பெரியம்மா, ரயில்ல நான் உடனே எழுந்திருச்சிருக்கணும். கண்ணு சொருகிடுச்சு, எந்த சீட்டுன்னுகூட பாக்காம உக்காந்துட்டேன். எங்கம்மா இருந்திருந்தா என்னைத்தான் திட்டியிருப்பாங்க. மன்னிச்சுக்கங்க."

சொல்லிவிட்டு நெற்றி தரையைத் தொடக் குனிந்தாள்.

அந்த மூன்று வாக்கியமும் என் வாயிலேயே இருந்தன. சத்தியமாக இருந்தன. ஆனால் மூன்று பேர் கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவள் மாமாவும் நின்று பார்த்தார். அவள் எனக்கு முன்னால் குனிந்தாள். வயதில் சின்னவர்கள் குனிந்தால் இத்தனை வருஷமாக இந்த வாய் எதைச் சொல்லிப் பழகியிருக்கிறதோ அதுதான் வந்தது.

"பரவாயில்ல. இனிமே பாத்து நடந்துக்க" என்றேன்.

"சரிங்க பெரியம்மா" என்றாள். என் கிண்ணத்தைப் பார்த்து, இவங்களுக்கு இன்னும் கொஞ்சம் சூடா ஊத்துங்க என்று சமையல்கட்டுப் பக்கம் சொல்லிவிட்டு எழுந்துபோய், அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். ஆட்கள் கும்பிட வரத் தொடங்கியிருந்தார்கள். இவர் கரண்டியை வைத்துவிட்டார். எனக்குச் சூடான சூப் வந்தது. வைத்துவிட்டு எழுந்தால் மரியாதை இல்லை என்று, அதை நான் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.