வெள்ளிக்கிழமைத் தங்கம்

எண்பதுகளின் கடைசியில், வெள்ளி பின்னேரங்களில், நான் புலம்பெயர்ந்து வந்திருந்த கோலியர்ஸ் வுட்டில் உள்ளூர் கவுன்சில் நடத்திய வகுப்பொன்றுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஐரோப்பியத் துறவிகள் ஒருகாலத்தில் கையெழுத்துப் புத்தகங்களின் முதலெழுத்துக்குத் தங்கம் பதித்து வண்ணம் தீட்டிய முறையைக் கற்றுத்தந்தார்கள். வகுப்பில் தமிழர் இருவர்தான். நான் யாழ்ப்பாணம். மற்றவள் மன்னார்க் கத்தோலிக்கப் பெண், என்னைவிட இளையவள். அவளைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும்.

காரணம் அவளுடைய தங்கம். எழுத்தின்மேல் பூசிய வெள்ளைப் பசை காய்ந்ததும், காகிதக் குழாய் வழியாக அதன்மேல் மூச்சுவிட வேண்டும். மூச்சின் ஈரத்தில் பசை இளகும்போது தங்கத்தாளை வைத்து அழுத்த வேண்டும். என்னுடையது திட்டுத்திட்டாக உரியும். அவளுடையதில் முகம் பார்க்கலாம். ஆசிரியை அவள் மேசையை விட்டு நகரவே மாட்டார்.

இத்தனைக்கும் என் நீலமும் சிவப்பும் அவள் தயவு. வண்ணப்பொடியை முட்டை வெள்ளைக்கருவில் குழைக்க வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் நான் முட்டை தொடமாட்டேன். வகுப்பில் தாளாகத் தந்த கன்றுத்தோலில் எழுதுவேன், அது வேறு கதை. "உங்கட விரதத்தை ஏன் கெடுப்பான், நான் செய்துதாறன் அக்கா" என்று அவளே முட்டையை அடித்து, குழைத்து, என் பக்கம் தள்ளுவாள். தூரிகையால் தொட்டால் குற்றமில்லை என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

நூலகக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வகுப்பிலிருந்து ஒரே ஒரு தாளைத் தெரிவுசெய்யப்போவதாக ஆசிரியை சொன்னார். அது என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்தது. அப்போது ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம். வெள்ளிகளில், வகுப்புக்குப் பிறகு கோயிலில் நடக்கும் சிலுவைப்பாதை வழிபாடு முடியும்வரை அவள் பச்சைத்தண்ணீரும் குடிப்பதில்லை. அந்த வாரங்களில் அவள் தங்கம் உரிந்தது. நானோ பிளாஸ்கில் கொண்டுபோன தேத்தண்ணியைச் சுடச்சுடக் குடித்துவிட்டு மூச்சுவிட்டேன். தங்கம் அப்படியே பிடித்துக்கொண்டது. வறண்ட வாயின் மூச்சில் ஈரம் போதாது என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"எனக்கு மட்டும் ஏனக்கா ஒட்டுதில்லை?"

"ஆருக்குத் தெரியும் பிள்ளை. ஹீற்றரின்ர சூடு காயவைக்குதாக்கும்."

"நீங்கள் ஒருக்கா மூச்சு விட்டுத் தாறியளே?"

"ஏலாது. தொண்டை நோகுது." சொல்லிவிட்டு இன்னொரு மிடறு குடித்தேன்.

என் தாள்தான் பெட்டிக்குள் போனது. அவள் தன் கோயில் பெண்களையெல்லாம் நூலகத்துக்குக் கூட்டிவந்தாள். "எங்கட அக்கா செய்தது, பாருங்கோ!" என்று கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். நீலத்தைக் குழைத்தது யார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வென்றவள் நான். ஆனாலும் வயிறு முன்னைவிட எரிந்தது. அவளால் அந்தத் தாளை ஆசை தீரப் பார்க்க முடிந்தது, என்னால் முடியவில்லை.