புஜ்ஜிக்கு ஜெனரல் ஷிப்ட்

“அக்கா, இன்னிக்கும் ஹால்லயே போயிடுச்சி. அவரு பாத்தா அவ்ளோதான்.” விஜயா போனிலேயே அழுதுவிட்டாள்.

அப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு கால்நடை டாக்டரிடம் அசிஸ்டென்டாக இருந்தேன். கிளினிக் முடிந்ததும் ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய்க் குட்டி நாய்களுக்கு டாய்லெட் ட்ரெயினிங் கொடுப்பேன். ‘நாய்க்கார அக்கா’ என்று பேர் வந்துவிட்டது. எனக்கு அதில் பெருமைதான்.

விஜயாவின் வீட்டுக்காரர் குமார், இரும்பு கம்பெனியில் மூன்று ஷிப்டும் பார்க்கிறவர். செவ்வாப்பேட்டையில் வாடகைக்கு இருந்தபோது பின்பக்கம் மண்தரை. அவர்களுடைய பொமரேனியன் புஜ்ஜி இஷ்டத்துக்குப் போய் வந்தது. இப்போது லோன் போட்டு புது லேஅவுட்டில் கட்டிய சொந்த வீடு. தரை முழுக்க வெள்ளை டைல்ஸ். நான் முதல் நாள் போனபோதே குமார் கறாராகச் சொல்லிவிட்டார்.

“பளபளன்னு ஊடு கட்டி வெச்சிக்கினு தெனம் இத தொடச்சிக்கினு இருக்கணுமா? ரெண்டு வாரம் பாப்பேன். அப்பால பொன்னேரில தம்பி ஊட்ல உட்டுடுவேன்.”

விஜயா கேட் வரைக்கும் கூடவே வந்தாள். “சுத்துமுத்தும் காலி மனைதான் அக்கா. யாரையும் தெரியாது. அவரு நைட் ஷிப்ட் போனா எனக்கு இது ஒண்ணுதான் துணை.”

சாப்பிட்டதும் வெளியே கொண்டு போ, தினம் ஒரே இடத்துக்குப் போ, போனதும் கொஞ்சு, உள்ளே போனால் அடிக்காதே. வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். அவளும் ஒன்று விடாமல் செய்தாள். ஹால் மட்டும் நாறிக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் கிளினிக் லீவு. காலை பதினொரு மணி வாக்கில் போனேன். ஜன்னலெல்லாம் ஸ்கிரீன் இழுத்து, வீடே இருட்டாக இருந்தது. விஜயா வாயில் விரல் வைத்தாள். “மெதுவா அக்கா. இந்த வாரம் அவருக்கு நைட்டு. தூங்கினு இருக்காரு.”

“புஜ்ஜிக்குச் சோறு வெச்சியா?”

“அவரு எழுந்தாதான் அக்கா இங்க எல்லாருக்கும் சோறு. போன வாரம் காத்தாலயே வெச்சேன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாரத்துக்கு வாரம் அதன் சோறும் வெளியே போகும் நேரமும் ஷிப்டோடு சேர்ந்து மாறிக்கொண்டிருந்தது. பாவம், அது எதைத்தான் பழகும்?

குமார் எழுந்து காபி குடிக்கும்வரை காத்திருந்தேன். “தம்பி, புஜ்ஜிக்கு ஜெனரல் ஷிப்ட் போட்டுடுங்க. எல்லாம் தினமும் ஒரே டைம்ல நடக்கணும்.”

“நானே எத்தினி வருஷமா ஜெனரல் ஷிப்ட் கேட்டுக்கினு இருக்கேன். எனக்கே குடுக்கல, நாய்க்கா?” என்றார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

தெருமுனையில் காலையும் மாலையும் ஜெனரல் ஷிப்ட் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்கும். அதற்கு முன்னால் சோறு, ஹாரன் கேட்டதும் எதிர் மனை. குமாருக்கு எந்த ஷிப்டானாலும் இது மாறக்கூடாது என்றேன். பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள் நாயைக் கொஞ்சப்போய், விஜயாவுக்கும் பேச்சுத்துணை கிடைத்தது.

கெடு முடியும் ஞாயிறு காலை மறுபடி போன். “அக்கா, ஜெனரல் ஷிப்ட்டுக்கு லீவாம், இன்னிக்கு பஸ்ஸே இல்ல. கதவாண்ட நின்னுக்கினு நடுங்குது. வெளிய கூப்ட்டா வர மாட்டேங்குது, ஹால்லயும் போவல.”

ஸ்கூட்டியை விரட்டினேன். தெருவில் திரும்பினால், நைட் ஷிப்ட் முடிந்து வந்த குமார் யூனிபார்மோடு பைக்கில் உட்கார்ந்து ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருக்கிறார்! புஜ்ஜி அவரைத் தாண்டி எதிர் மனைக்கு ஓடியது.

“எப்டி அடக்கிக்கினு நின்னுச்சி பாத்தீங்களாக்கா? என் டைல்ஸ் மேல என்னிய விட இதுக்குத்தான் அக்கற” என்றார். பொன்னேரிப் பேச்சு அதோடு முடிந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நாயைத் தொடுவதற்கு முன்னால், அந்த வீடு எப்போது சாப்பிடுகிறது, எப்போது தூங்குகிறது என்று கேளுங்கள். நேரம் நிலைத்தால் நாய் தானே பழகிக்கொள்ளும்.

போன மாதம் பொன்னேரி ஸ்டேஷனில் குமாரைப் பார்த்தேன். புஜ்ஜி வயதாகிச் செத்துப் போய்விட்டதாம். அவருக்கு ஒருவழியாக ஜெனரல் ஷிப்ட் கிடைத்துவிட்டது.

“இப்போ அந்த பஸ்ல நான்தான் போறேன் அக்கா. ஆனா ஹாரன் கேட்டா, எனக்கு முன்னாடி விஜயாதான் பழைய பழக்கத்துல ஓடிப்போய் கதவத் தொறந்துட்டு நிக்கிறா.”